கட்டளை செல்லாத இடம்

வரவேற்புரையில் சொன்னதையே இன்னொரு முறை சொல்லி நேரத்தைத் தின்பது தலைமை உரையின் மரபு. இன்று அதைக் கொஞ்சம் மீறுகிறேன்.

பாதுகாப்புப் பணியில் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த ஒருவருக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு? அந்த வயதில் ஒரு மேஜர் ஒரு கம்பெனியை நடத்திப் பார்த்திருப்பார். ஒரு எஸ்.பி. ஒரு மாவட்டத்தையே கட்டி மேய்த்திருப்பார். கீழே இருப்பவர்களிடம் வேலை வாங்க அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. இனி மேசைக்கு எதிரே உட்காரப்போகும் கடற்படைக்காரர், உளவுத்துறைக்காரர், வெளியுறவு அதிகாரி, மாவட்ட ஆட்சியர் எவருக்கும் இவர் உத்தரவு போட முடியாது. அவர்கள் இல்லாமல் இவருடைய வேலை ஓர் அங்குலமும் நகராது. சல்யூட் அடித்துக் காரியம் முடித்துப் பழகியவருக்கு இது புது உலகம்.

இந்த உலகத்துக்கு ஆள் தயாரிக்க நம்மிடம் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. 1905-இல் தேவ்லாலியில் பிறந்து, 1907-இல் குவெட்டாவுக்குப் போய், பிரிவினைக்குப் பின் நீலகிரியின் வெலிங்டனுக்கு வந்த ராணுவக் கல்லூரி இன்று முப்படைகளுக்கும் பொது. தேறியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டம் தருகிறது. அதற்கும் மேல்படியில், 1960-இல் நேரு திறந்துவைத்த தேசியப் பாதுகாப்புக் கல்லூரி தில்லியில் இருக்கிறது. அங்கே பிரிகேடியருக்குப் பக்கத்து இருக்கையில் இணைச் செயலர் உட்கார்கிறார், அவருக்குப் பக்கத்தில் வெளிநாட்டு ராணுவ அதிகாரி. இடமும் ஏற்பாடும் குறை சொல்ல முடியாதவை.

குறை, கேள்வித்தாளில் இருக்கிறது. ராணுவ வட்டாரத்தில் ‘பி.சி.கே.’ என்றால் இங்கே பாதிப்பேர் சிரிப்பீர்கள். முந்தைய பேட்ச் அடுத்த பேட்சுக்குக் கைமாற்றிவிடும் விடைக்கட்டு அது. பயிற்சி நடத்தும் டி.எஸ். எந்தத் தீர்வை எதிர்பார்க்கிறாரோ அதை எழுதினால் மார்க். மார்க் வந்தால் நல்ல போஸ்டிங். நாற்பதை நெருங்கும் மனிதர், சுட்டவர், சுடப்பட்டவர், இரவில் விழித்திருந்து போன வருஷத்து விடையைப் பிரதி எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு சரியான விடை உண்டு என்று சொல்லும் பயிற்சி, ஒத்துப்போகாத நான்கு பேரை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் கலையை எப்படிக் கற்பிக்கும்?

அதற்கு உண்மையான நிகழ்வுகள் வேண்டும். நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளிலிருந்து இந்திய ராணுவத்தின் 54-ஆவது காலாட்படை டிவிஷன் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. களத்தில் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவருக்கு மேல் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். தில்லியில் தரைப்படைத் தலைமைத் தளபதி சுந்தர்ஜி. கொழும்பில் தூதர் ஜே.என். தீட்சித். இவர்களுக்குப் பக்கவாட்டில், தனக்கென்று தனித் தொடர்புகளோடு, உளவு அமைப்பான ‘ரா’. அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்த 17 விடுதலைப் புலிகள் பலாலியில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவோம் என்றது இலங்கை அரசு. இந்தியத் தரப்பில் கூடாது என்ற குரல் ஒருபுறம், ஒப்பந்தத்தை மீற முடியாது என்ற குரல் மறுபுறம். 5-ஆம் தேதி அவர்கள் சயனைட் கடித்தார்கள். குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர். 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படை வீரர் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள்.

பின்னாளில் ஹர்கிரத் சிங்கும் தீபிந்தர் சிங்கும் தீட்சித்தும் தனித்தனியே புத்தகம் எழுதினார்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பிழை எங்கே நடந்தது என்பதில் ஜெனரல்களும் தூதரும் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் யாரும் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தம் நாற்காலியிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறார். அந்த அக்டோபரில், மற்றவர் நாற்காலியிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும் வேலை எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

நான்காவதாக ஒரு புத்தகத்தையும் அந்த அடுக்கில் சேர்க்கச் சொல்வேன்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’. அதே அக்டோபர் 21-ஆம் தேதி இந்தியப் படையினர் நுழைந்த யாழ் மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். ஜெனரல்களின் பக்கங்களை மட்டும் படித்துப் பயிற்சி பெறும் அதிகாரிக்கு அந்த வார்டு கண்ணில் படாது. நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்படிப் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க நம்மிடம் நினைவுக் குறிப்புகள்தான் இருக்கின்றன, கோப்புகள் இல்லை. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. நம் அதிகாரி நார்மண்டியை வரைபடத்தோடு கற்கிறார், அந்த 1962-இன் நம்கா சூ சண்டையை வதந்தியோடு கற்கிறார். விதிவிலக்கு கார்கில். திருச்சியில் பிறந்து தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாகத் தொடங்கிய கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு, சில மாதங்களிலேயே அறிக்கை தந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டாலும் 2000-இல் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் வந்தது. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிடலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி பலாலிக் கோப்புகள் எப்போதோ வெளிவந்திருக்க வேண்டியவை. இந்த மாநாடு ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதானால் அந்தக் கோப்புகளைக் கேட்டு நிறைவேற்றட்டும். புதுக் கட்டடம் கேட்டு வேண்டாம்.

நாளைப் பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசிப்பை நிறுத்திவிட்டுப் பலாலி நிகழ்வையே எடுத்துக்கொள்ள அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ராணுவத்தினர் தூதரகத் தரப்பில் பேசுவார்கள், காவல்துறையினர் டிவிஷன் தலைமையகமாக இருப்பார்கள், பேராசிரியர்கள் உளவுத்துறை. யாழ்ப்பாணத்து மக்களின் சார்பில் பேசும் இடத்துக்கு மட்டும் இதுவரை யாரும் பெயர் தரவில்லை. இன்று மதிய உணவுக்குள் மூன்று பேராவது பெயர் கொடுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.