பருமன் வேறு, நலம் வேறு

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே, காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. மெலிந்த பிள்ளைகளைத் தேற்ற எழுந்த திட்டங்கள் இவை. இன்று நான் பேச வந்ததோ, அதற்கு நேர்மாறான குறையாகிய மிகையான உடற்பருமனைப் பற்றி.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் மகிழ்வது நம் வழக்கம். பட்டினியைக் கண்ட தலைமுறைக்கு அம்மகிழ்ச்சி இயல்பே. எனினும், வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய எடை நலத்தின் அடையாளமன்று. நடுவயதினரின் நோய்கள் என்று நாம் எண்ணியிருந்த நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், கல்லீரலில் கொழுப்புப் படிதலும் இளமையிலேயே தலைகாட்ட அது இடந்தருகின்றது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் மிகை எடையுள்ளோர், 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 2.1, 2019-21 ஆய்வில் 3.4. தொகை சிறிதாயினும் போக்கு நல்லதன்று. இக்குழந்தைகளே நாளை நம் பள்ளிக்கு வருபவர்கள்.

இதனால் பள்ளி உணவையோ முட்டையையோ குறைக்க வேண்டும் என எவரும் கருதலாகாது. குறை, பொட்டலத் தீனியிலும், இனிப்புப் பானத்திலும், ஓடியாடாத மாலைப் பொழுதிலும் உள்ளது.

இங்கே என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பு வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலில் கிடங்கு கட்ட ஒப்புதல் அளித்தேன். மறு ஆண்டு அங்குச் சென்றேன். இடைவேளையில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்து, வாயிற்கடையில் வாங்கிய பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தனர். ஓடுவதற்கு இடமில்லை. இடத்தைப் பறித்தவன் நானாயிருக்க, அவர்களைச் சோம்பேறிகள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வூர்ப் பள்ளித் திடலிலும் ஒரு பகுதியைக் கட்டடத்திற்குக் கேட்டு விண்ணப்பம் வந்துள்ளது. அதற்கு வேறிடம் காணுமாறு ஊராட்சித் தலைவர் அவர்களை வேண்டுகிறேன். சிறுவர்க்கு நாள்தோறும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. திடலின்றி அது கைகூடாது.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்றலாகாது என 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை கூறுகின்றது. வாயிலில் கடை வைத்துள்ள அம்மையாரின் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமன்று. சுண்டலும், அவித்த வேர்க்கடலையும், கொய்யாவும் அவர் விற்கட்டும், நாம் வாங்குவோம்.

இறுதியாக ஒன்று. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைக்காதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று மருத்துவரின் அறிவுரையைக் கேளுங்கள். வீட்டார் அனைவரும் உண்ணும் முறை மாறினால், பிள்ளையும் மாறும்.