இடுகாடும் அரிச்சுவடியும்



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வே எழுத்தரான எளியேனுக்கு இம்மேடையில் இடமளித்த சங்கத்தாருக்கு நன்றி. விழா நாளில் இடுகாட்டைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். தாய்நாட்டை விட்டுச் சென்ற ஒரு கூட்டத்தாரின் வரலாறு அங்கே அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் டெலவேர் ஆற்றுப் பகுதியில் 1638-இல் சுவீடன் நாட்டார் வந்து இறங்கினர். தம் இளம் அரசியின் பெயரால் கிறிஸ்தினா என்னும் கோட்டையைக் கட்டினர். இறந்தோரை அதனருகே புதைத்தனர். 1655-இல் டச்சுக்காரரும், 1664-இல் ஆங்கிலேயரும் அப்பகுதியைக் கைப்பற்றினர். கொடி இருமுறை மாறியது, இடுகாடு மாறவில்லை.

1693-இல் அம்மக்கள் தாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். பொன் கேட்டார்களா? படை கேட்டார்களா? இல்லை. தம் மொழியில் ஓதும் போதகர்களையும், 12 வேதப் புத்தகங்களையும், 200 அரிச்சுவடிகளையும் கேட்டனர். புத்தகங்களுக்கு விலை தருவதாகவும் உறுதி கூறினர்.

1697-இல் போதகர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான எரிக் பியோர்க், அந்த இடுகாட்டு நிலத்திலேயே கற்கோயில் எழுப்பினார். 1699-இல் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. முன்னோர் துயிலும் மண்ணே கோயிலின் அடித்தளமாயிற்று.

ஆயினும் ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசலாயினர். 1791-இல் அக்கோயிலின் கடைசிச் சுவீடன் போதகர் விடைபெற்றார். கோயில் ஆங்கில வழிபாட்டுச் சபையிடம் சென்றது. இன்றும் வில்மிங்டன் நகரில் அக்கோயில் நிற்கிறது; கல்லறைகளும் நிற்கின்றன. அவர்கள் பேசிய மொழிதான் அங்கே இல்லை.

அரிச்சுவடி வந்தும் மொழி ஏன் நிலைக்கவில்லை? என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், கோயிலில் ஓதப்பட்ட மொழி வீட்டு அடுப்படியில் ஒலிக்காமற் போனதே காரணம்.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. சென்ற மாதம் ஊரிலிருந்து என் தந்தையார் எழுதிய கடிதத்தை என் மகன் எடுத்து வந்து, "அப்பா, தாத்தா என்ன எழுதியிருக்கிறார்? படித்துச் சொல்லுங்கள்" என்றான். பேசத் தெரிந்த பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை. குற்றம் அவனுடையதன்று, மாற்றல் உத்தரவைச் சாக்காகச் சொல்லிக் காலங்கடத்திய என்னுடையது. அன்றிரவே அவன் கையைப் பிடித்து 'அ' எழுதுவித்தேன்.

பெரியோர்களே! நம் பெயரைக் கல்லில் எவரேனும் பொறித்துவிடுவர். அதைப் படிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? சங்கம் வகுப்பு நடத்தலாம்; வீட்டில் தமிழ் பேசுவதும் எழுதுவிப்பதும் நம் பொறுப்பு.