ஐந்து மாடிக்குக் கீழே யார் வந்து பார்ப்பது?

(வார இறுதித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கொண்டோமினியம் கட்டடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கட்டாயமாகச் சோதிக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. சோதிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எனக்கு முன் பேசியவர்கள் நீச்சல் குளம், மின்தூக்கி, நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் என்று விளக்கமாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் பேச்சில் நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

போர்ட்டிக்சன் கடலோரக் கொண்டோக்களில் நம்மவர்கள் காவலாளிகளாக இருக்கிறார்கள், துப்புரவு வேலை செய்கிறார்கள், குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். வேலை முடிந்து அவர்கள் தூங்கப் போகும் கட்டடம் வேறு. லாபு, பிராட்வால், சுவா பெத்தோங், ரந்தாவ் லின்சம் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று செனாவாங்கிலும் நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வாய்த்தது நான்கு மாடி, ஐந்து மாடி மலிவு விலை வீடு. மின்தூக்கி கிடையாது, படியேறித்தான் போக வேண்டும். இன்றைய தலைப்புக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

'போலே' என்ற ஒரு சொல்

1993 டிசம்பர் 11, ஒரு சனிக்கிழமை பிற்பகல். உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்ததும், அங்கே வடிகால் சரியாக இல்லாததும்தான் காரணம் என்று பிறகு தெரிய வந்தது. அந்தப் படத்தை நாளிதழில் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில், அதாவது 133-ஆம் சட்டத்தில், 85ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மக்கள் குடியேறி 10 ஆண்டு கடந்த கட்டடத்தைப் பொறியியலாளரைக் கொண்டு சோதிக்கும்படி ஊராட்சி மன்றம் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு 10 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. முதலில் கண்ணால் பார்க்கும் சோதனை. சந்தேகம் வந்தால் தூணையும் உத்தரத்தையும் முழுமையாக ஆராயும் சோதனை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் கவனிக்க வேண்டும். ஒன்று, 'அனுப்பலாம்' என்ற சொல். மலாய் படித்த நேயர்களுக்கு உடனே புரியும். 'ஹெண்டாக்லா' என்றால் கட்டாயம். 'போலே' என்றால் விருப்பம். இந்த அதிகாரம் 'போலே' வகையைச் சேர்ந்தது. நோட்டீஸ் வந்தால் உரிமையாளர் கட்டுப்பட்டாக வேண்டும், வராவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டாவது, இந்தப் பிரிவு ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மட்டுமே. நம்மவர்கள் வீடு ஐந்தோடு நின்றுவிடுகிறது. சட்டமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஐந்து மாடிக் கட்டடம் விழாதா? ஹாங்காங்கில் 2010 ஜனவரி 29-ஆம் தேதி மா தாவ் வாய் சாலையில் விழுந்தது ஐந்து மாடிக் கட்டடம்தான். 1950-களில் கட்டியது. நான்கு பேர் இறந்தார்கள். 2012-ல் அங்கே கட்டாயச் சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 30 வயதான கட்டடங்களுக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. மூன்று மாடிக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கு மட்டும்தான் விலக்கு.

நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகும் சிராங்கூன் சாலையில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்ட் 1986 மார்ச் 15-ஆம் தேதி ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஆறு மாடி, 33 உயிர்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வரைபடம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 15 ஆண்டு நின்ற பிறகு விழுந்தது! நின்றுகொண்டிருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மூன்று ஆண்டுக்குள், 1989-ல், சிங்கப்பூர் சட்டம் கொண்டு வந்தது. குடியிருப்புக் கட்டடத்துக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை.

டிரசர் ஐயா வந்த லயம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் டிரசர் லயத்தைச் சுற்றி வருவார். கால்வாய் அடைத்திருக்கிறதா, புல் வளர்ந்திருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதுவார். அவர் வருகிறார் என்றாலே வாசலைப் பெருக்கிவிடுவார்கள். அது அவர் விருப்பத்துக்குச் செய்த வேலை அல்ல. தொழிலாளர் வீடமைப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அந்த வாராந்தரப் பார்வையைக் கடமையாகவே வைத்தது. வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் சொன்னது.

லயம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மழை பெய்தால் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். சட்டம் இருந்தும் செய்யாத நிர்வாகங்கள் எத்தனையோ! ஆனாலும் தரையோடு தரையாக இருந்த வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஒரு கண் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, நம்மவர்கள் நான்காவது மாடிக்குப் போன பிறகு அந்தக் கண்ணும் இல்லை. தலைக்கு மேலே 30 டன்னோ 40 டன்னோ கான்கிரீட் இருக்கிறது. அதைப் பார்க்க ஆள் இல்லை.

1982 முதல் 1998 வரை மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளுக்கு இன்று கிட்டத்தட்ட 30, 40 வயது. அந்த விலைக்குள் லாபமும் பார்த்துக் கட்டிய கட்டடம் எத்தகையதாக இருக்கும் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிதான் கட்டடத்தின் எலும்பு. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிகிறது, கூரைத் தொட்டி ஒழுகுகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஈரம் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். உள்ளே இருந்து நெருக்கும்போது கான்கிரீட் வெடிக்கும், பிறகு துண்டு துண்டாக உதிரும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் போர்ட்டிக்சன் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும். இதோடு, சமையலறையைப் பெரிதாக்குகிறேன் என்று சுவரை உடைப்பது, பழைய தரைக்கல்லின் மேலேயே புதுக்கல் பதிப்பது, எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

ஒரு நிகழ்ச்சிப் படப்பிடிப்புக்காகச் சிரம்பான் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்துத் தூண் ஒன்று வெடித்திருந்ததாகவும், குடியிருப்பாளர்களே சிமெண்டு வாங்கிப் பூசிவிட்டதாகவும் நிர்வாகக் குழுவில் இருந்த அண்ணன் ஒருவர் சொன்னார். "தீபாவளிக்கு முன்னாடியே நீலச் சாயமும் அடிச்சுட்டோம் தம்பி, இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார். உண்மையிலேயே புதிது மாதிரிதான் இருந்தது. அவர் சொந்தக் காசைப் போட்டுச் செய்திருக்கிறார், அந்த அக்கறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே கம்பி என்ன நிலையில் இருந்தது? பூசுவதற்கு முன் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் வந்திருக்க வேண்டும். இனி அந்த வெடிப்பு யார் கண்ணுக்கும் தெரியாது.

பணம் எங்கே?

சோதனை கட்டாயம் என்றால் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2013-ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை சிங்கிங் பண்ட் என்ற சேமநிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பெயரைக் கேட்டுவிட்டு, "மூழ்கப் போகிற பணத்தை நான் ஏன் கட்டணும்?" என்று கேட்டவரும் உண்டு!

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். 80 வீடு, மாதம் 50 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு வீட்டுக்கு 5 வெள்ளி. எல்லாரும் கட்டினால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி. பாதிப் பேர்தான் கட்டுகிறார்கள் என்றால் 2,400. பத்து ஆண்டு ஒரு காசு எடுக்காமல் சேர்த்தாலும் 24,000 வெள்ளிதான். கூரை, தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாவற்றுக்கும் இதே பணம். இதில் பொறியியலாளருக்கும் கொடு, தூணையும் சரிசெய் என்றால் முடிகிற காரியமா?

பணக்காரக் கட்டடத்திலும் பணத்தால்தான் தாமதம் வந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் சர்ப்சைட்டில் கடலோரமாக இருந்த 12 மாடிக் கொண்டோ 2021 ஜூன் 24-ஆம் தேதி அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-ல் கட்டியது. நீச்சல் குளத் தளத்தின் கீழே தண்ணீர் இறங்குகிறது, கான்கிரீட் சேதமாகிறது என்று 2018-லேயே பொறியியலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் எவ்வளவு தருவது என்று வீட்டுக்காரர்களுக்குள் வாக்குவாதம் நடந்து கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. அதில் எத்தனை மாடிக்கு மேல் என்று நினைக்கிறீர்கள்? மூன்று மாடியும் அதற்கு மேலும்.

அதனால்தான் சொல்கிறேன், மலிவு விலை வீடுகளுக்குக் கண்ணால் பார்க்கும் முதல் சோதனையை அரசாங்கச் செலவில் செய்ய வேண்டும். கூட்டரசு வீடமைப்பு அமைச்சு மலிவு விலை அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்புக்கு உதவி நிதி கொடுத்து வந்திருக்கிறது. கூரை மாற்றவும் சாயம் பூசவும் பணம் ஒதுக்குமுன் தூணைப் பார்க்கப் பணம் ஒதுக்குங்கள். ஐந்து மாடி வரம்பை மாற்ற நாடாளுமன்றம் போக வேண்டும், உண்மைதான். ஆனால் சிரம்பான் மாநகர் மன்றமும் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகமும் தங்கள் பகுதியில் 30 வயது கடந்த அடுக்குமாடிகள் எவை என்று பட்டியல் எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லையே!

இன்னொரு பயத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. "சோதனைக்கு வந்து, கட்டடம் ஆபத்து என்று முத்திரை குத்திவிட்டால் எங்களை எங்கே அனுப்புவார்கள்?" என்று மக்கள் கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து ஒரு முறை வெளியேற்றப்பட்ட சமுதாயம் இது. இரண்டாவது முறை என்றால் தாங்காது. ஹைலண்ட் டவர்ஸில் விழாமல் நின்ற இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்களும் வீட்டை இழந்து நீதிமன்றம் போனார்கள். 2000-ல் உயர் நீதிமன்றம், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. 2006-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 133-ஆம் சட்டத்தின் 95(2) பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. ஒரு பிரிவு நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறது, இன்னொரு பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. நடுவில் நிற்பவர் வீட்டுக்காரர்.

ஆகவே கட்டாயச் சோதனை என்று சட்டம் திருத்தும்போது, காலி செய்யச் சொன்னால் மாற்று வீடு எங்கே, திரும்பி வரும் உரிமை உண்டா என்பதையும் அதே சட்டத்தில் எழுத வேண்டும். எழுதாத வரை மக்கள் வெடிப்பை மறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள், நீலச் சாயம் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சட்டம் வரும் வரை என்ன செய்வது? சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27-ஆம் தேதி குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் ஒரு பகுதி இடிந்தது. 24 வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெடிப்பைப் பார்த்த மக்களை உடனே வெளியேற்றினார்கள். கண்ணால் பார்த்ததை நம்பி எழுந்து போனதால் பிழைத்தார்கள்.

உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்களை இந்த வாரமே ஒரு சுற்று பாருங்கள். முடி அளவு கீறல் பூச்சில் மட்டும் இருக்கலாம். தூணிலோ உத்தரத்திலோ சாய்வாக ஓடும் வெடிப்பு, துரு நிறக் கறை, வெளியே தெரியும் கம்பி, திடீரென்று மூடாமல் போன கதவு, இவை வேறு. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் 20 காசை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்தப் படங்களோடு ஊராட்சி மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. ஜேஎம்பி ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்துப் பேராவது போய், 'கட்டடச் சோதனை' என்பதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தூணில் கம்பி தெரிந்தால் மட்டும், தயவுசெய்து, யாராவது பார்க்கும் முன் சிமெண்டு பூசாதீர்கள்.