பிள்ளையின் முகமும் பெற்றாரின் கையொப்பமும்

(பெற்றார் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பாடசாலைகளிற் கண்காணிப்புக் கமரா பொருத்துதல் தகுமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி. காவலே வேண்டாமென்று கூற நாம் வரவில்லை. இரவில் வாயிலைக் காக்கும் கமராவுக்கும், வகுப்பறையிற் பிள்ளையின் முகத்தையே பார்த்திருக்கும் கமராவுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கமக்காரர் காவற்பரண் கட்டுவது பன்றி வரும் வழியைப் பார்க்கவேயன்றி, வளரும் பயிரைச் சந்தேகிப்பதற்கன்று.

சுவீடன் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2018 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அந்நாட்டின் வடபாகத்து ஷெலெப்தியோ நகரப் பாடசாலையொன்றில், 22 மாணாக்கரின் வரவைக் கமரா மூன்று வாரங்கள் பதிந்தது. நுழையும் முகத்தை அளந்து, இன்னார் வந்தார் என்று இயந்திரமே குறித்துக்கொண்டது. இடாப்புக் கூப்பிடும் நேரம் மிச்சமாகும் என்பதே கூறப்பட்ட காரணம். சம்மதமும் பெறப்பட்டிருந்தது.

சம்மதம் உண்டெனிற் குற்றம் எங்கே? 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, பாடசாலையை நடத்திய நகரக் கல்விச் சபைக்கு 2 இலட்சம் குறோனர் தண்டம் விதித்தது. மாணாக்கர் சபையின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர். ஆகவே அவர்களிடம் பெற்ற சம்மதம் சுயேச்சையான சம்மதமாகாது என்றது. வரவைப் பதிய எளிய வழிகள் இருக்க, முகத்தை அளந்தது அளவு மீறிய செயல் என்றும் தீர்த்தது. பிரான்சிலும், நீஸ், மார்செய் நகரங்களின் இரு பாடசாலை வாயில்களில் முகமறி கருவி வைக்கும் தீர்மானத்தை, 2020 பெப்ரவரியில் மார்செய் நிருவாக நீதிமன்றம் இதையொத்த நியாயங்கூறி இரத்துச் செய்தது.

இந்த நியாயம் எமக்குப் புதிதன்று. காணிக்காரர் நீட்டிய கடதாசியிற் குத்தகைக் கமக்காரர் கைநாட்டு வைத்தால், அது மனமொப்பி வைத்த கைநாட்டா?

எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளையைப் பற்றிய தரவை விசேட வகையாகவே வகுத்தது. ஆயின் ஏட்டிலுள்ள சட்டம் தானாக எழுந்து வந்து எவரையும் காவாது.

காவலரண்களில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற தலைமுறை நாம். கண்காணிக்கப்படுதல் என்றால் என்னவென்று எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை எம் பிள்ளைகள் வகுப்பறையிலே பழகிக்கொள்ள வேண்டுமா?

ஆகவே, கமராவுக்கான பிரேரணை உங்கள் சங்கத்துக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதற்காக இது? வேறு வழி இல்லையா? படத்தைப் பார்ப்பவர் யார்? எத்தனை நாளில் அழிப்பர்? எழுத்தில் விடை வரும்வரை கையொப்பம் இடாதீர்கள். இஃது அதிபரைப் பகைப்பதாகாது. பிள்ளைக்காகப் பேசவேண்டியவர் பெற்றார். அவரும் வாய் மூடினால் வேறு யார் பேசுவர்?