பேனல் கடிகாரம் காட்டிய இரண்டு நாள்

போன மாதம் 15ஆம் தேதி அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "உங்களுக்கு நேத்துதானே அப்பாயின்ட்மென்ட்?"ன்னு கேட்டாங்க. அம்மா என்னைப் பார்த்தாங்க.

என் க்னோம் டெஸ்க்டாப்பில் பேனல் கடிகாரத்தைச் சொடுக்கினால் காலண்டர் வரும். அதில் 14, 15 இரண்டு நாளிலும் அந்த நிகழ்வு இருந்தது. நான் பார்த்தது 15 காலையில்.

முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பேனலை ரீஸ்டார்ட் செய்தும் மாறலை. ஏன்னா கடிகாரம் காட்டும், அவ்வளவுதான். நிகழ்வுகளை எடுத்துக் கொடுப்பது பின்னணியில் ஓடும் எவல்யூஷன் டேட்டா சர்வர்.

அப்புறம் ஐசிஎஸ் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். என் ஸ்கிரிப்ட் உருவாக்கின கோப்புதான். தொடக்கம் 14ஆம் தேதி நள்ளிரவு, முடிவு 15ஆம் தேதி நள்ளிரவு. இரண்டின் கடைசியிலும் ஒரு 'இசட்'. அப்படின்னா யூடிசி நேரம். நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால. அதனால் நிகழ்வு 14 காலை 5:30க்குத் தொடங்கி, 15 காலை 5:30க்கு முடியுது!

முழுநாள் நிகழ்வுக்கு நேரமே எழுதக் கூடாது. 'வேல்யூ=டேட்' என்று போட்டு, எட்டு இலக்கத் தேதி மட்டும் தரணும். மாற்றினேன், சரியாச்சு. ஸ்கிரிப்ட்ல காலண்டர் கோப்பு எழுதுறவங்க, அந்த 'இசட்'டை ஒருமுறை பார்த்துடுங்க.

அம்மா இப்போ தேதியைச் சுவர் காலண்டர்லயும் குறிச்சு வைக்கிறாங்க.