ஜன்னலோரக் கொடி



மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு அருகே, ஒரு மாடிக் குடியிருப்பில் எங்கள் வீடு. அங்கே மண் என்பது தொட்டியில் மட்டுந்தான் உண்டு. அத்தொட்டி ஒன்றில், ‘மணி பிளாண்ட்’ என்று எல்லோரும் அழைக்கும் கொடியை என் தாயார் வைத்து வளர்த்தார்கள். அவர்கள் மறைந்த பின் அதைப் பேணும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அதைக் கொன்றுவிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று கூற வந்திருக்கிறேன்.

இக்கொடியின் பிறந்தகம் பசிபிக் மாகடலிலுள்ள மோரியா என்னும் சிறு தீவு. தாவர நூலார் இதனை ‘எபிப்ரெம்னம் ஆரியம்’ என்பர். நம் சேம்பும் கருணைக்கிழங்கும் இதன் உறவினரே. கருணை நாவில் அரிப்பது எதனாலோ, அந்தக் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. ஆகவே தவழும் குழந்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் எட்டாத இடமே இதற்கு ஏற்றது. திருடி நட்டால்தான் இது தழைக்கும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டல்லவா? திருடினாலும் கேட்டு வாங்கினாலும், தண்டில் கணு இருந்தால் தழைக்கும், இல்லையேல் இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே கதி. அது உப்புக் கரித்தது. கொடியின் இலைநுனிகள் பழுப்பாயின. தாகம் என்று எண்ணி, விலைக்கு வாங்கிய குடிநீரில் என் பங்கைக் குறைத்துக்கொண்டு காலையும் மாலையும் அதற்கு ஊற்றினேன். பெரிய தியாகம் செய்வதாக ஒரு நினைப்பு வேறு! நுனி கருகியது நீர்க்குறையால் அன்று. மண்ணில் சேர்ந்த உப்பினால். தொட்டியின் அடித்துளையோ அடைபட்டிருந்தது. அடியிலைகள் மஞ்சளித்தன. நான் மேலும் ஊற்றினேன்.

கடைசியில் அடையாற்றிலிருந்து என் அத்தை வந்து பார்த்தார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து என் மூக்கருகே நீட்டி, “இது தாகத்தில் செத்ததில்லை அப்பா, மூழ்கிச் செத்தது” என்றார்கள். அழுகிய நாற்றம். வேரும் மூச்சுவிடுகிறது, மண்துகள்களின் இடைவெளியிலுள்ள காற்றே அதற்கு மூச்சு. அவ்விடத்தை ஓயாமல் நீர் நிரப்பினால் வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும், நாமோ இன்னொரு குவளை ஊற்றுவோம்.

இக்கொடி 1964-க்குப் பின் தானாகப் பூத்ததாகப் பதிவில்லை. ஜிப்பரெல்லின் என்னும் ஊக்கியை ஆக்கும் திறன் இதற்குக் குன்றியிருப்பதே காரணம் என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. பூ இல்லை, விதையும் இல்லை. தியாகராய நகரில் கடைமேசையின் மேல் புட்டியில் நிற்கும் கொடியும் யாரோ கிள்ளிக் கொடுத்த கணுவில் வந்ததுதான். அம்மா தொட்ட கொடி இனி ஏது என்று நான் வருந்தியது அதனால்தான்.

அத்தை என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள. அங்கே மாமரத்தில் இதே கொடி ஏறி, இலைகள் முறம் போல் விரிந்து கிழிந்திருந்தன. பற்றி ஏறினால் இலை பெருக்கும், தொங்கவிட்டால் சிறுக்கும். “உன் அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததுதான் இது” என்று சொல்லி, கணுவுக்குக் கீழே ஒரு துண்டு நறுக்கித் தந்தார்கள்.

அதைப் புட்டி நீரில் வைத்தேன். எட்டாம் நாள் அதில் கொசுப்புழு நெளிந்தது! அதன்பின் மூன்று நாளுக்கொரு முறை நீரை மாற்றினேன். வேர் விட்டதும், செம்மண்ணும் மணலும் தென்னைநார்த் தூளும் கலந்த தொட்டிக்கு மாற்றி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன். வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாளி பிடித்து, மண்ணின் உப்புக் கரைந்து ஓட ஊற்றுவதும் உண்டு. மற்ற நாட்களில் முதலில் விரலை மண்ணில் நுழைத்துப் பார்க்கிறேன். இன்று காலை ஈரமாயிருந்தது. குவளையைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.