விமானம் ஏறும் முன் ஊசிச் சான்றிதழைப் பார்த்த காலம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, விசாவும் வந்து, இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்கணுமேன்னு 2021-ல் மாணவர்கள் பலர் தவிச்சாங்க. அவங்களுக்காக ஒரு சலுகை வந்தது.

2021 ஆகஸ்ட் 31-க்குள் படிக்கப் புறப்பட்டோர், கோவிஷீல்டு முதல் தவணை போட்டு 28 நாள் கழிந்ததும் இரண்டாவது தவணை போட்டுக்கொள்ள முடிந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜூன் மாதம் இந்தச் சலுகையை அறிவித்தது. சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் இரண்டையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டியிருந்தது.

முதல் ஊசிக்கு ஆதார் காட்டியிருந்தவங்க, கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வேண்டியிருந்தது. சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டியிருந்தது. நம்ம இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும்; அங்கேதான் பலருக்கும் சிக்கல் வந்தது. திருத்த ஒரே வாய்ப்புதான் இருந்தது, அதனால் நிதானமாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

பரிசோதனை, தனிமைப்படுத்தல் விதிகள் அப்போது நாட்டுக்கு நாடு மாறின. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.